காலி டப்பா அனுப்பாத வீடு

"தப்பா நெனைக்காதீங்க" என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடத் தோன்றும். நல்ல சேதி சொல்ல வருகிறவர்கள் யாரும் அப்படித் தொடங்குவதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வாடகையை ஏற்ற வந்த வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு உடற்பயிற்சி வகுப்பு முடிந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த புர்காவை எடுக்கக் கை நீட்டியபோது எங்கள் மேடம் பக்கத்தில் வந்து நின்று அதையேதான் சொன்னாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மாவுக் காசு சேர்ந்துகினே போவுது. இதோட ரெண்டாயிரத்து நானூறு ஆயிடுச்சு. ஹால் வாடகை கட்டணும், அதான்."

எந்த மாவு என்று ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. காசா, எதற்குக் காசு, நீங்கள் பிரியமாகக் கொடுத்தது இல்லையா அது என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் வாய் எனக்கு முந்திக்கொண்டது. "அய்யோ, மறந்தே போச்சு மேடம், கொண்டாந்து தர்றேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டேன். முன்பின் கேள்விப்படாத ஒரு கடனை, ஏதோ ரொம்ப நாளாகத் தெரிந்ததுபோல ஒப்புக்கொண்டு வந்தேன். எனக்கு மானம்தான் எப்போதும் முந்தும், புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும்.

படியிறங்கும்போது ரெண்டாயிரத்து நானூறு, ரெண்டாயிரத்து நானூறு என்று படிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்த வகுப்புக்கு நான் எப்படிப் போனேன் என்று சொன்னால்தான் அந்தக் காசு என்னை ஏன் அப்படிப் பயமுறுத்தியது என்று விளங்கும். அப்போது நாங்கள் இரும்புலியூரில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். என் கணவருக்குத் தாம்பரத்தில் சீட் கவர் கடை. ஆட்டோ, ஸ்கூட்டர், சில சமயம் வேன். பெண்கள் இரண்டும் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டன. எனக்கு முப்பத்தாறு வயது, முட்டி வலி அறுபது வயதுக்காரிக்கு உரியது. சர்க்கரை வாசலில் நிற்கிறது, உள்ளே விடாதீங்க என்று டாக்டர் அம்மா சொல்லி, தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது? மெயின் ரோட்டில் லாரி, தெருவில் நாய், முக்கில் டீக்கடைப் பெஞ்சு. அந்தப் பெஞ்சைத் தாண்டி ஒரு தடவை போனால் கடைக்குப் போகிறாள் என்பார்கள். நாலு தடவை போய் வந்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தே நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தெருவில் ஒரு மாடி ஹாலில் பெண்களுக்கு மட்டும் உடற்பயிற்சி என்று போர்டு மாட்டியபோது எனக்கு அது ஆண்டவன் அனுப்பியது போல இருந்தது. என் கணவரிடம் கேட்கப் பயந்தே இரண்டு மாதம் ஓடியது. அவர் கெட்டவர் இல்லை, கை நீட்டாதவர், குரல்கூட உயர்த்தாதவர். ஆனால் அவர் தம்பி ஒருவர் அதற்கு இரண்டு வருஷம் முன்பு காந்தப் படுக்கை விற்கும் கும்பலில் சேர்ந்திருந்தார். முதலில் ஓட்டலில் கூட்டம், ஓசி டீ, ஓசி சமோசா. அப்புறம் ஒரு படுக்கை வாங்கு என்றார்கள், அப்புறம் நாலு பேரைச் சேர் என்றார்கள். கடைசியில் கடை வைக்க வைத்திருந்த அட்வான்ஸ் பணம் முழுக்கப் போனது. அன்றிலிருந்து என் கணவருக்கு எந்தப் புது இடத்தைப் பார்த்தாலும் சந்தேகம். வகுப்புக்குப் போகட்டுமா என்று கேட்டபோது ரொம்ப நேரம் தாடியைத் தடவிவிட்டுச் சொன்னார்.

"போ. ஆனா மாச ஃபீஸ் முன்னூறு, அவ்வளவுதான். அதுக்கு மேல மாத்திரை, மிஷினு, மெம்பர்ஷிப்புன்னு ஒரு ரூபா கேட்டாலும் அன்னைக்கே நிறுத்திடணும். சரியா?"

சரி என்றேன். போக விட்டால் போதும் என்றிருந்த நேரம், அவர் எந்த நிபந்தனை போட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மேடம் என்னைவிட எட்டு வயது சின்னவள். நேரில் வாங்க, போங்க என்றாலும் மனசுக்குள் எனக்கு அவள் இவள்தான். பள்ளிக்கூட நாளில் வாலிபால் ஆடியவள். அனகாபுத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் பல்லாவரம் வந்து, ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். புருஷன் ஏதோ ஒரு சண்டையில் பிரிந்து போயிருந்தான் என்று கேள்வி, நான் விசாரிக்கவில்லை. ஹாலின் ஜன்னல்களுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருந்தாள். சுவரில் வரிசையாக ஆணி. நாங்கள் ஏழெட்டுப் பேர், புர்காவும் துப்பட்டாவும் கைப்பையும் ஆணியில் தொங்க, டேப் ரெக்கார்டர் பாட, கையைத் தூக்கிக் குதிப்போம். முதல் நாள் என் உடம்பே எனக்குச் சொன்னபடி கேட்கவில்லை. மூன்றாவது வாரம் வேர்த்து விறுவிறுத்துத் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபோது, கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நான் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல் இருந்த நேரம் இதுதான் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. பக்கத்தில் படுத்திருந்த அக்காவும் ஏன் என்று கேட்காமல் சிரித்தார்.

முட்டி வலி குறைந்தது. அதைவிட, காலையில் எழும்போது மனசில் ஒன்பதரை மணி என்று ஒன்று இருந்தது. அதற்காகச் சமையலைச் சீக்கிரம் முடித்தேன், பிள்ளைகளை அதட்டாமல் கிளப்பினேன். வீட்டில் எல்லாருக்கும் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

இப்போது மாவு. ஒருநாள் குதிக்கும்போது எனக்குத் தலை சுற்றிவிட்டது. மேடம் என்னை உட்காரவைத்து, காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை, டீதான் என்றேன். மறுநாள் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய சத்துமாவு கொண்டுவந்து கையில் கொடுத்தாள். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, பாதாம், ஏலக்காய் எல்லாம் வறுத்து அரைத்தது. அவளே அரைப்பாளாம். கஞ்சி வெச்சுக் குடிங்கக்கா, தலை சுத்தாது என்றாள். விலை என்ற பேச்சே வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து, என் தலை சுற்றலை நினைவு வைத்து மாவு கொண்டுவருகிறாளே என்று நெஞ்சு நிறைந்து வாங்கிக்கொண்டேன்.

கஞ்சி அருமையாக இருந்தது. என் கணவர் ஒரு நாள் என் தம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து அவருக்கும் வேண்டும் என்றார். அதற்கடுத்த வாரம் காலை டீயையே விட்டுவிட்டு இரண்டு தம்ளர் கஞ்சி குடித்துவிட்டுக் கடைக்குப் போனார். நானே வீட்டில் அரைத்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் கொடுத்தது என்று சொன்னால் மறுபடி காந்தப் படுக்கையில் போய் நிற்பார் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

டப்பா காலியானது. இனி அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் வந்த பாத்திரம் காலியாகத் திரும்பிப் போகாது. இது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தெருவில் எந்த வீட்டிலும் அப்படித்தான். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். அன்றைக்கு நான் தம்ரூட் செய்திருந்தேன். ரவையும் நெய்யும் முட்டையும் போட்டுத் தட்டில் வைத்து வாட்டி எடுக்கும் பண்டம். அதைத் துண்டு போட்டு டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன். மேடம் முகம் மலர்ந்து போனது.

நாலு நாளில் டப்பா திரும்பி வந்தது. உள்ளே தளும்பத் தளும்பச் சத்துமாவு. இந்தப் பெண் கடன் வைக்கமாட்டாள் போலிருக்கிறதே, தம்ரூட்டுக்கு மாவா என்று எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கூச்சம். அவள் இவ்வளவு செய்தால் நான் குறைந்து போகலாமா? இந்த முறை கோலா உருண்டை பொரித்துக் கொடுத்தேன். மாவு வந்தது. சமோசா போனது. மாவு வந்தது. பெருநாளைக்கு டப்பா நிறையப் பிரியாணியும் தனியாக ஒரு கிண்ணத்தில் சேமியாவும் போயின. ஒரு மாவு டப்பாவை யாரும் அத்தனை தடவை கழுவித் துடைத்திருக்க மாட்டார்கள். ஆறு மாதம் இப்படி ஓடியது. என் பங்குக்கு நான் ஜெயித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன். அப்போதுதான் வந்தது அந்த ரெண்டாயிரத்து நானூறு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது ஆத்திரம்தான். கறி விற்கிற விலையில் எத்தனை கோலா உருண்டை! அதற்கு நான் பில் போட்டேனா? தம்ரூட்டுக்குப் போட்ட நெய்க்கே ஒரு டப்பா மாவு கழியுமே. இப்படி மனசுக்குள் ஒரு எதிர்க்கணக்குப் போட்டுக்கொண்டே போய், பிரியாணி வரும் இடத்தில் எனக்கே அசிங்கமாகி நிறுத்தினேன். கொடுத்த சாப்பாட்டுக்குக் காசு எண்ணுகிறவளாக என்னை ஆக்கிவிட்டாளே என்று அதற்கும் சேர்த்து அவள்மேல் கோபப்பட்டேன்.

ஆத்திரம் அடங்கியதும் பயம் வந்தது. அது அடங்கவில்லை. என் கையில் சேர்த்து வைத்தது எழுநூறு ரூபாய்கூட இருக்காது. அம்மா வீட்டில் கேட்டால் ஊரப்பாக்கம் முழுக்கத் தெரிந்துவிடும். கணவரிடம் கேட்டால் காசு கொடுப்பார். காசு ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு ரூபாய் கேட்டாலும் அன்றைக்கே நிறுத்தணும் என்று சொன்ன மனுஷன். அவர் சொன்ன வார்த்தையை மாற்றி நான் பார்த்ததில்லை. காசோடு சேர்த்து அந்த ஒன்பதரை மணியும் போகும். சும்மா இருந்தாலோ மேடம் முகத்தில் விழிக்க முடியாது. நீங்கள் சொல்லவே இல்லையே என்று அவளிடம் சண்டை போடலாம். போட்டால், ஆறு மாதம் ஓசியில் தின்ற பொம்பளை என்று ஆகிவிடும். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பாள் என்று அந்த ஆணி வரிசைக்குக் கீழே யாராவது சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் நினைப்பார்கள். நானே இன்னொருத்தியைப் பற்றி அப்படி நினைத்திருப்பேன்.

எனவே நான் செய்ததெல்லாம் ஒளிந்துகொண்டதுதான். வகுப்புக்குப் போகவில்லை. கணவரிடம் வகுப்பு லீவு, மேடம் ஊருக்குப் போயிருக்காங்க என்றேன். ஒன்பதரை மணி ஆகும்போது ஜன்னலை மூடிவிடுவேன். எங்கள் வகுப்புப் பெண்கள் யாராவது தெருவில் போனால் கண்ணில் பட்டுவிடக் கூடாதே. டெலிபோன் அடித்தால் பெண்களை விட்டு எடுக்கச் சொன்னேன். பால்காரர் மணி அடித்தாலும் முதலில் ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தேன். பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். முட்டி வலி திரும்ப வந்ததா, வந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா தெரியாது. டப்பாவில் கொஞ்சம் மாவு மிச்சம் இருந்தது. தினமும் காலையில் அதை எடுத்துக் கணவருக்குக் கஞ்சி காய்ச்சும்போது, ஒவ்வொரு கரண்டியும் கடனாகவே தெரிந்தது. அவர் நிம்மதியாக உறிஞ்சிக் குடிப்பார். இன்னிக்கு ஏலக்காய் தூக்கலா இருக்கே என்பார். எனக்கு அழலாம்போல இருக்கும்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்திருந்தார். நெய்ச்சோறும் குருமாவும் வைத்து, அவருக்குத் தட்டு போட்டுக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வெயிலில் முகம் சிவந்து, தோளில் பையோடு மேடம் நின்றிருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டியது என்பார்களே, கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அப்படித்தான் கையில் கரண்டியோடு நின்றேன்.

"யாரு?" என்றார் அவர்.

"கிளாஸ் மேடம்" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் எழுந்து வாசலுக்கே போய்விட்டார். வாங்கம்மா, சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கீங்க, சாப்பிடாமல் போகக் கூடாது என்று உள்ளே அழைத்து சோபாவில் உட்காரச் சொன்னார். அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவளைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தேன். இப்போது வேண்டாம், அவர் முன்னால் வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவள் அதைப் புரிந்துகொண்டாளோ என்னவோ, காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் சொன்னதே போதுமானதாக இருந்தது.

"அக்கா ரெண்டு வாரமா கிளாஸுக்கு வர்லண்ணா. முட்டி வலி ஜாஸ்தி ஆயிடுச்சோன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"லீவுன்னு சொன்னியே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தேன், அது இப்போது நடுக்கூடத்தில் உருண்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்றான பிறகு எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். தலை சுற்றியது, மாவு வந்தது, அன்பாகத் தந்தது என்று நினைத்தது, டப்பாவைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று பண்டம் செய்து அனுப்பியது, மேடம் காசு கேட்டது, பயந்து வீட்டில் உட்கார்ந்தது. சொல்லி முடித்தபோது மேடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றாள். அப்புறம் என் கணவரைப் பார்த்துத்தான் பேசினாள். மாவு அவள் விற்பதுதான். ஒரு டப்பா மாவு இருநூறு ரூபாய் என்று வகுப்பு ஆரம்பித்த முதல் நாளே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். டப்பா திரும்பி வந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம், ரொப்பித் தருவாள். வேண்டாம் என்றால் டப்பாவை அவர்களே வைத்துக்கொள்ளலாம். நான் நடுவில் சேர்ந்தவள், எனக்குச் சொல்லாமல் விட்டது அவளுக்கு உறைக்கவே இல்லை. நானோ டப்பாவைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"அப்படின்னா மாசா மாசம் கேட்டிருக்கலாமேம்மா? ஏன் இவ்வளவு சேர விட்டீங்க?" என்றார் என் கணவர். கடைக்காரர் கேட்கிற கேள்வி.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்டிண்ணா கேக்கறது? ஒவ்வொரு வாட்டியும் டப்பாவுல எதனா வெச்சுத் தருவாங்க. வூட்டுக்கு எடுத்துகினு போயி நானும் புள்ளைங்களும் துன்னுவோம். துன்ன வாயால காசு கேக்க வரல. அடுத்த மாசம் கேட்டுக்கலாம், அடுத்த மாசம் கேட்டுக்கலாம்னு வுட்டுட்டேன்."

நான் பண்டம் அனுப்ப அனுப்ப அவளுக்கு வாய் கட்டிப்போனது. அவள் கேட்காமல் இருக்க இருக்க நான் இன்னும் அனுப்பினேன். என் கோலா உருண்டைதான் அந்தக் கடனை வளர்த்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம்.

என் கணவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"தினம் காலையில எனக்குக் காய்ச்சித் தர்றியே, அந்தக் கஞ்சியா?"

அதேதான் என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் நோட்டுகள் இருந்தன. அவள் முன்னால் நின்று, மரியாதையாக, வலது கையால் நீட்டினார். மரியாதையாகத்தான் அதையும் சொன்னார்.

"இந்தாங்கம்மா. உங்க மேல தப்பே இல்லை. ஆனா இவ சேரும்போதே நான் சொல்லியிருந்தேன், ஃபீஸுக்கு மேல காசுன்னு கேட்டா அன்னைக்கோட நிறுத்திக்கணும்னு. கேட்டாச்சு. நாளையிலேர்ந்து இவ வரமாட்டா."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கதவின் தாழ்ப்பாளைப் போடுவதுபோல அமைதியாகச் சொன்னார். பதினாலு வருஷத்தில் நான் அவரை அவ்வளவு வெறுத்த நிமிஷம் வேறில்லை. அதை இப்போதும் மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை.

மேடம் அந்த நோட்டுகளைப் பார்த்தாள். அந்தப் பணம் அவளுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். ஹாலுக்கு வாடகை பாக்கி என்று வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று சத்தம் போட்டதை நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அவள் கை கொஞ்சம் முன்னால் வந்தது. அப்புறம் அந்தக் கையாலேயே பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

"நான் காசே கேக்கலியேண்ணா" என்றாள். "இத்தினி டப்பா போயிருக்குன்னு அக்கா கிட்ட சும்மா சொன்னேன். அக்காதான் கேட்டதா நெனச்சுக்கினாங்க. நான் இன்னிக்கும் அதுக்கு வரல. அக்கா உடம்பு எப்டி கீதுன்னு பாக்கத்தான் வந்தேன்."

மூன்று பேருக்கும் அது பொய் என்று தெரியும். என் கணவர் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. சாப்பிட்டுட்டுப் போங்கம்மா என்று மட்டும் சொன்னார். இன்னொரு நாள் வந்து சாப்பிடறேன்ணா, ரயிலுக்கு நேரமாச்சு என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் கேட் வரை போனேன். நாளைக்கு வந்துடுங்கக்கா என்று சொல்லிவிட்டு ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள்.

உள்ளே வந்தபோது அவர் சாப்பாட்டின் முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த நோட்டுகள். நான் பரிமாறினேன். வெள்ளிக்கிழமை நெய்ச்சோறை இரண்டு முறை கேட்டு வாங்குகிறவர், அன்று ஒரு முறை வைத்ததையே அளைந்துகொண்டிருந்தார். எனக்கும் உள்ளே இறங்கவில்லை. ஆனால் பயம் எல்லை தாண்டிப் போனதில் ஒரு துணிச்சல் வந்திருந்தது.

"எனக்குப் போகணுங்க" என்றேன். "இந்த ஊர்ல எனக்குன்னு நான் போற இடம் அது ஒண்ணுதான்."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவினார். கடைக்குப் போகும் நேரம் ஆகியும் கிளம்பவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். நடுவில் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். அந்தப் பெண் எங்கிருந்து வருகிறாள்? அனகாபுத்தூரிலிருந்தா? அங்கிருந்து தினமுமா? எத்தனை பிள்ளைகள்? மாவு அரைக்க மிஷினுக்குக் காசு அவள்தானே கொடுத்திருப்பாள்? ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி நடந்தார். அவருக்குக் கடன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கடனோடு மவுத்தாகி மண்ணுக்குள் போகக் கூடாது என்று அவர் அத்தா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. ரெக்சின் கொடுக்கும் சேட்டுக்குப் பணம் ஒரு நாள் தாமதமானாலும் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் தொழுகைக்குப் போவார். இப்போது ஆறு மாதக் கஞ்சி அவர் வயிற்றில் இருக்கிறது. காசு வாங்க வேண்டியவளோ, கேட்கவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கேட்டாள் என்று ஒப்புக்கொண்டால் அவர் தன் வார்த்தைப்படி என்னை நிறுத்த வேண்டும். கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டால் கடன் அப்படியே நிற்கும்.

அவர் எந்தப் பக்கம் விழுவார் என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் நியாயம் பேசுகிற ஆம்பளைகள் தங்கள் வீட்டு விஷயம் வந்தால் எந்தப் பக்கம் விழுவார்கள் என்று நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் வைத்தேன். அவர் தம்ளரைப் பார்த்துவிட்டு, "டீ போடு" என்றார். அந்தக் கஞ்சி அவருக்கு இறங்காது என்று புரிந்தது. டீ போட்டேன். சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்குப் பெண்கள் கிளம்பிப் போனார்கள். ஒன்பதரை ஆகப் போகிறது. நான் புர்காவை எடுக்கவும் துணியாமல், விடவும் மனமில்லாமல் கொடிக்குப் பக்கத்தில் நின்று, காய்ந்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கடைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டபடி வந்தார். அந்த நோட்டுகளை நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"இதைக் கொண்டுபோய்க் கொடு" என்றார். "அவங்க கேக்கல. நானாத்தான் கொடுக்கறேன். நான் சொன்னதுல இது வராது."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன், அழுதால் அவர் உட்கார வைப்பார், உட்கார்ந்தால் யோசிப்பார். புர்காவைத் தலைவழியே மாட்டிக்கொண்டு, சொன்னதில் வேறு என்னவெல்லாம் வரும் என்று அவருக்குத் தோன்றுவதற்குள் படியிறங்கிவிட்டேன்.